ஆஸ்பத்திரிச் சந்துக்கு இரண்டாம் தரம்

ரோடு என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று நினைப்பவர்கள் எங்கள் நகராட்சி ஆபீசுக்கு வந்து ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ரோட்டிலும் மேல் கீழ் உண்டு. ஊரோடு ஊரை இணைத்தால் முதல் தரம். ஊருக்குள் பஸ் ஓடுகிற பெரிய ரோடு இரண்டாம் தரம். வீடுகள் உள்ள தெரு மூன்றாம் தரம். சந்து, பொந்து, சாக்கடையோரம் எல்லாம் பாவப்பட்ட நான்காம் தரம். தலைமை அலுவலகம் தார் போட்டுக் கொடுப்பது முதல் இரண்டு தரத்துக்கு மட்டும். மிச்சத்தை நகராட்சி பார்த்துக்கொள்ள வேண்டும். நகராட்சி பார்த்துக்கொள்கிற லட்சணம் எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அங்கே ரோடு ஓவர்சீயர் நான்தான். குழியில் ஒரு லோடு மண் கொட்டுவோம். மழை வந்து அதை அள்ளிக்கொண்டு போகும். மறுபடியும் கொட்டுவோம்.

எங்கள் ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரி இருப்பது நான்காம் தரத்தில். தரம் பிரித்த காலத்தில் அங்கே ஒரு மாட்டுக் கொட்டகைதான் இருந்ததாம். மாட்டுக்கு எதற்குத் தார் என்று எந்தப் புண்ணியவானோ எழுதிவிட்டுப் போய்விட்டான். கொட்டகை போய் ஆஸ்பத்திரி வந்தது, தரம் மட்டும் அப்படியே நின்றது. அந்தச் சந்துக்குள் போனால் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் டாக்டர் வேலை பாதி முடிந்துவிடும் என்று ஆட்டோக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் கூடவே சிரித்திருக்கிறேன். என் மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன தடவை அவளுக்குக் கலைந்துவிட்டது. அதற்கு அந்தச் சந்துதான் காரணம் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. என் மனைவி சொன்னாள். அவள் ஒன்றைச் சொல்லிவிட்டால் டாக்டருக்குப் படித்தவர்களே எதிர்த்துப் பேச மாட்டார்கள், நான் எம்மாத்திரம்?

"ஊருக்கெல்லாம் ரோடு போடுறீங்க. பெத்த பொண்ணு போற வழில ஒரு சட்டி தார் ஊத்த முடியல உங்களால. இந்தத் தடவையாவது அவ குலுங்காம போயிட்டு வரணுங்க. அதைச் செய்ய முடியலன்னா ஓவர்சீயர்னு வெளிய சொல்லிக்காதீங்க."

நானும் வீம்புக்காரன்தான். மறுநாளே கமிஷனர் அறைக்குள் போனேன். எங்கள் கமிஷனர் தங்கமான மனுஷர். பேனா மூடியைத் திறப்பதற்குள் மூன்று தரம் யோசிப்பார், அது ஒன்றுதான் அவரிடம் குறை. ஆஸ்பத்திரிச் சந்தை இரண்டாம் தரத்துக்கு உயர்த்தக் கோரிக்கை அனுப்பலாம் என்றேன். அவர் விதிப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"யோவ், ஒரு ரோட்டை ஏத்தணும்னா அதே நீளத்துக்கு இன்னொண்ணை எறக்கணும்யா. எல்லா ஊரும் எல்லா ரோட்டையும் பெரிய ரோடுன்னு எழுதி அனுப்புனா அவங்க எங்க போவாங்க? எதை எறக்கப் போற, சொல்லு."

எதை இறக்குவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊரைச் சுற்றிப் புறவழிச் சாலை வந்ததிலிருந்து எங்கள் பெரிய ரோட்டில் பஸ் கிடையாது, லாரி கிடையாது. நாய்கள் நட்ட நடுவில் படுத்துத் தூங்கும், போரடித்தால் எழுந்திருக்கும். பெயர்தான் பெரிய ரோடு. வருஷம் தவறாமல் அதற்குத் தார் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. அதன் கடைசியிலிருந்துதான் ஆஸ்பத்திரிச் சந்து பிரிகிறது. பெரிய ரோட்டை மூன்றாம் தரமாக்கினால் நீளம் கச்சிதமாகப் பொருந்தும்.

ஒரே ஒரு தொல்லை. அந்தப் பெரிய ரோட்டில் இரும்புக்கடை வைத்து, கடைக்கு மேலேயே வீடும் கட்டிக்கொண்டு இருப்பவர் என் சம்பந்தி. என் மகள் வாழ்க்கைப்பட்ட வீடு அது.

கமிஷனர் கையெழுத்துப் போட்ட மை காய்வதற்குள் விஷயம் இரும்புக்கடைக்குப் போய்விட்டது. சாயங்காலம் நான் வீட்டில் சட்டையைக் கழற்றுகிறேன், வாசலில் சம்பந்தி. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தால் குடிக்கவில்லை.

"சம்பந்தி, பொண்ணு குடுத்தீங்க, சந்தோஷம். ரோட்டை எதுக்குப் புடுங்குறீங்க?"

"புடுங்கலைங்க. தரம்தான் மாறுது. ரோடு அங்கேயேதான் கெடக்கும்."

"அதுதான் கேக்குறேன். நாளைக்கு என் சின்னவனுக்குப் பொண்ணு பாக்கப் போறேன். வீடு எங்கன்னு கேப்பாங்க. மூணாம் தரத்துலன்னு சொல்லவா?"

"யாருங்க தரத்தையெல்லாம் கேக்குறாங்க?"

"நீங்க கேட்டீங்களே! சம்பந்தம் பேச வந்தப்ப, வீடு பெரிய ரோடான்னு உங்க சம்சாரம் கேட்டாங்களா இல்லையா?"

சமையலறையில் கரண்டிச் சத்தம் சட்டென்று நின்றது. அவள் கேட்டது உண்மைதான். நான் வழிக்கு வந்து, குரலைத் தணித்து, இதெல்லாம் உங்கள் மருமகளுக்காகத்தானே என்றேன்.

"என் மருமகளை எப்படிப் பாத்துக்கணும்னு எனக்குத் தெரியும். உங்க பொண்ணுக்காக எங்க ரோட்டு மானத்தை எறக்காதீங்க. கூட்டத்துல பாத்துக்கலாம்."

ஒரே ஆளைத்தான் மருமகள் என்றும் உங்கள் பொண்ணு என்றும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருக்கு வைத்த தண்ணீரை நானே குடித்தேன்.

அடுத்த வாரமெல்லாம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை, போனிலேயே குடித்தனம் நடத்துகிறவர், இந்த வம்புக்கு அவர் வரவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டது என் மகள்தான்.

"அங்க இருந்தா மாமா உங்களைத் திட்டுறாரு. இங்க வந்தா நீங்க மாமாவைத் திட்டுறீங்க. நடுவுல உள்ளேருந்து ஒண்ணு உதைக்குது. அது யார் கட்சின்னே தெரியலப்பா" என்றாள்.

தரம் மாற்றுவதற்கு முன் ஆட்சேபம் கேட்க ஒரு கூட்டம் போட வேண்டும். மாறப்போகிற ரோடுகளில் ஏதாவது ஒன்றில், ஒரு பொதுக் கட்டிடத்தில் நடத்த வேண்டும் என்பது விதி. பெரிய ரோட்டில் நூலகம் இருக்கிறது. நல்ல ஹால், தலைக்கு மேல் ஃபேன். நான் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தைப் போட்டு எழுதினேன்.

"லைப்ரரில ஃபேன் இருக்கேய்யா?" என்றார் கமிஷனர்.

"விதியில ஃபேன் பத்தி ஒண்ணும் இல்ல சார்."

கூட்டத்துக்கு முதல் நாள் நல்ல மழை. பெரிய ரோட்டுக்காரர்கள் ஒரு வேன் பிடித்து, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி கிளம்பினார்கள். சம்பந்தி கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த இன்ஜினியர் விவரமானவர். சந்து முனையிலேயே ஜீப்பை நிறுத்திவிட்டு, பேண்டை மடித்துக்கொண்டு ஓரமாக நடந்தே வந்துவிட்டார். வேன் வந்தது. முதல் குழியில் குதித்தது, இரண்டாவதில் சாய்ந்தது, மூன்றாவதில் முன் சக்கரத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. ஆட்சேபம் தெரிவிக்க வந்த அத்தனை பேரும் இறங்கித் தள்ளினார்கள். நான் ஆஸ்பத்திரிப் படியில் நின்று பார்த்தேன். பார்க்கக் கூடாதுதான், என்ன செய்வது, கண் இருக்கிறதே.

சம்பந்தி கூடத்துக்குள் நுழைந்தபோது சட்டையின் முதுகுப்பக்கம் மட்டும்தான் வெள்ளையாக இருந்தது. நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். நர்ஸ் அவரை உட்கார வைத்து மருந்து தடவி, குறுக்கே பிளாஸ்திரி ஒட்டினாள். அதோடு அடங்கிவிடுவார் என்று நினைத்தேன். அவரா அடங்குவார்? பிளாஸ்திரியோடு எழுந்தார்.

"ஐயா, இந்தச் சந்து மோசம்னு நான் ஒத்துக்கறேன். என் நெத்தியே சாட்சி. ஆனா இங்க இருக்குற குழியை ரொப்புறதுக்கு எங்க மேட்டை எதுக்கு வெட்டணும்? ஒருத்தனுக்குச் சட்டை இல்லன்னா இன்னொருத்தன் சட்டையைக் கழட்டுறதுதான் உங்க சட்டமா?"

கூடமே கை தட்டியது. பரிசோதனைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணிகள்கூடத் தட்டினார்கள். இவர்களுக்காகத்தானே அய்யா நான் நாயாய் அலைகிறேன்!

இன்ஜினியர் கையமர்த்தினார். "பெரிய ரோட்டுல குடியிருக்கறவங்கள்ல இங்க வந்திருக்கறவங்க பாதிக்கு மேல ஆட்சேபிச்சா ஃபைலை இன்னைக்கே மூடிடுவேன். ஆட்சேபிக்கிறவங்க கை தூக்குங்க."

சம்பந்தி கை முதலில் போனது. பின்னால் வரிசையாக எல்லாக் கையும் போனது. இன்ஜினியர் பென்சிலை நீட்டி எண்ணிக்கொண்டே வந்தவர், எடை மெஷினுக்குப் பக்கத்துப் பெஞ்சில் வந்து நின்றார். அங்கேயும் ஒரு கை தூக்கியிருந்தது. என் மகள்.

"நீங்க பேஷண்ட்டும்மா" என்றார் இன்ஜினியர்.

"பேஷண்ட்தான் சார். ஆனா வீடு பெரிய ரோடு. கணக்குல சேத்துக்கங்க."

நான் ஓவர்சீயர் என்பதையே மறந்து கத்தினேன். "ஏய், உனக்கு மூளை கீளை கொழம்பிடுச்சா?"

"அந்த வீட்டுச் சோறு திங்கறேன்ப்பா. மாமா கை தூக்கி நிக்கும்போது நான் சும்மா உக்காந்திருந்தா நல்லா இருக்குமா?" என்றாள். அப்புறம் இன்ஜினியரைப் பார்த்து, "கை வலிக்குது சார், சீக்கிரம் எண்ணுங்க" என்றாள். ஒரு கை மேலே. இன்னொரு கை வயிற்றின் அடியில்.

சம்பந்தி முகத்தைப் பார்க்க வேண்டுமே. பேசி ஜெயித்த மனுஷர் அவள் பக்கம் திரும்பினார்.

"நீ கையை எறக்கும்மா."

"நீங்க எறக்குங்க மாமா, நான் எறக்கறேன்."

"நான் எதுக்கு எறக்கணும்?"

"அப்ப நானும் எறக்கல."

அந்த நேரம் பார்த்து நர்ஸ் அவளைக் கூப்பிட்டாள். அவள் தூக்கிய கையோடு எழுந்துபோய், தூக்கிய கையோடு எடை மெஷினில் ஏறி நின்றாள். "கையைக் கீழ போடும்மா, ஆடுறே, முள்ளு நிக்க மாட்டேங்குது" என்று நர்ஸ் அதட்டினாள். இவள் மாமனாரைப் பார்த்தாள். அவர் மெஷின் முள்ளைப் பார்த்தார். அவர் கண் முள்ளிலிருந்து மெல்ல அவள் வயிற்றுக்கு வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. கை, தானாகவே இறங்குகிற மாதிரி இறங்கியது.

"இது எங்க வீட்டுப் பிடிவாதம் இல்ல. உங்க வீட்டுச் சரக்கு" என்று என்னை முறைத்துவிட்டு உட்கார்ந்தார். தலைவர் கையே இறங்கின பிறகு தொண்டர்கள் எவ்வளவு நேரம் தாங்குவார்கள்? ஒவ்வொன்றாக எல்லாக் கையும் இறங்கியது. இன்ஜினியர் ரப்பரால் எண்ணிக்கையை அழித்தார்.

ஆஸ்பத்திரிச் சந்து இரண்டாம் தரம் ஆனது. எங்கள் ஆபீஸ் வரலாற்றில் எந்த வேலையும் அப்படி நடந்ததில்லை. நான் ஒருத்தனையும் தூங்க விடவில்லை. கான்ட்ராக்டர் வந்து, ஜல்லி வந்து, தார் வந்து, ரோலர் உருண்டது. மகளுக்கு டாக்டரம்மா குறித்த தேதிக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். இதற்கு முன் வேறொரு தெருவில், தார் இறுகுவதற்குள் ஒரு மணல் லாரி ஏறி உழுதுவிட்டுப் போய், கமிஷனர் என்னை நாலு பேர் முன்னால் கிழித்துவிட்டார். அந்த மாதிரி இதற்கு ஆகக் கூடாது என்று நானே உத்தரவு எழுதினேன். ரோட்டை ஒப்படைக்கும் வரை எந்த வண்டியும் உள்ளே போகக் கூடாது. முனையில் தார் டிரம்களை நிறுத்தி, சங்கிலி கோத்து, பூட்டுப் போட்டு, ஒரு காவல்காரரையும் உட்கார வைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் பின்பக்கம் பள்ளிக்கூட மைதானம் வழியாகப் போகலாம் என்று போர்டும் எழுதி வைத்தேன். எவ்வளவு யோசனை பாருங்கள்!

குழந்தை என் உத்தரவைப் படிக்கவில்லை. குறித்த தேதிக்கு ரொம்ப முன்னாலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மகளுக்கு வலி எடுத்துவிட்டது என்று சம்பந்தியிடமிருந்து போன். நானும் மனைவியும் ஓடினோம். சம்பந்தியும் நாங்களுமாக ஆட்டோவில் அவளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனால் கேட்டில் பூட்டு தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் மூடியிருக்கும் என்பது ஒன்றாம் வகுப்புப் பையனுக்குக்கூடத் தெரியும். எனக்கு அது தோன்றவே இல்லை. சந்து முனைக்குத் திரும்பி வந்தோம்.

"சங்கிலியை எடுய்யா!" என்றேன்.

காவல்காரர் எழுந்து நின்று ஒரு சல்யூட் வைத்தார். "சார், நீங்களே வந்தாலும் விடக் கூடாதுன்னு நீங்கதான் சார் சொன்னீங்க."

"இப்ப நான்தான்யா விடச் சொல்றேன்!"

"வாயால சொன்னா செல்லாதுன்னும் நீங்கதான் சார் சொன்னீங்க. போதாததுக்குச் சாவியும் கான்ட்ராக்டர்கிட்ட."

கான்ட்ராக்டர் போன் அணைத்துக் கிடந்தது. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதினால் காகிதம் எரிந்துபோகும். சொந்தக் காசிலேயே சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத் தார் ஊற்றிச் செய்திருக்கிறேன். மகள் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்பா, ஏதாவது பண்ணுங்கப்பா" என்றாள். நான் அந்தச் சங்கிலியையே வெறித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது பின்னால் கடகடவென்று சத்தம். எப்போது ஆட்டோவை விட்டு இறங்கினார், எப்போது ஓடினார் தெரியாது, சம்பந்தி கடையிலிருந்து தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார். இரும்புக் கம்பி ஏற்றுகிற வண்டி. மேலே அவர் படுக்கிற மெத்தை, அதன்மேல் ரெண்டு தலையணை.

"டிரம்முக்கும் சுவத்துக்கும் நடுவுல இது நுழையும். ஏறும்மா" என்றார்.

காவல்காரர் மோட்டார் இல்லாதது வண்டியில் சேர்த்தியா என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு அவரே வந்து ஒரு பக்கம் பிடித்து ஏற்றிவிட்டு, மறுபடி போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

தள்ளினோம். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், முன்னால் என் மனைவி தலையணையைப் பிடித்தபடி. வண்டி குலுங்கவே இல்லை. அந்தச் சந்தில் ஒரு வண்டி குலுங்காமல் போனது அன்றைக்குத்தான் முதல் தடவை. ஆனால் மேல்பூச்சு இன்னும் இறுகவில்லை. பின்னால் திரும்பினால் புதுத் தாரில் சக்கரம் போன தடம் நீளமாகக் கோடு கிழித்துக்கொண்டே வருகிறது. பழக்க தோஷம், வாய் சும்மா இருக்கவில்லை.

"சம்பந்தி, தடம் விழுது!"

"விழட்டும்யா! ஆளைப் பாரு!"

கல்யாணம் பேசிய நாளிலிருந்து 'நீங்க, வாங்க' என்று கூப்பிட்ட மனுஷர், ஒரே வார்த்தையில் என்னை 'யா' போட்டுவிட்டார். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

டாக்டரம்மா வாசலுக்கே வந்து மகளை மேல்மாடிக்குக் கொண்டுபோனார். கதவைச் சாத்தினார்கள். என் மனைவி கதவோடு கதவாக நின்றாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து மகள் கத்தினாள். நான் சாமி எல்லாரையும் ஒருவர் விடாமல் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சம்பந்தியைக் காணோம் என்று உறைத்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. பேரப் பிள்ளை பிறக்கிற நேரத்தில் எங்கே தொலைந்தார் இந்த மனுஷர்? மெத்தையைக் கடையில் வைத்துப் பூட்டப் போய்விட்டாரா? நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று படியிறங்கி வாசலுக்கு வந்தேன்.

சந்தில் அந்தத் தள்ளுவண்டி வந்துகொண்டிருந்தது. சம்பந்தி ஒற்றை ஆளாகத் தள்ளிக்கொண்டு வருகிறார். சட்டையெல்லாம் வேர்வை. மெத்தையில் யாரோ ஒரு பெண், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு படுத்திருக்கிறாள். பக்கத்தில் அவள் புருஷன், ஒரு கையில் பையும் இன்னொரு கையில் அவள் செருப்புமாக, என்ன செய்வதென்று தெரியாமல் ஓடி வருகிறான்.

"யாருங்க இது?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும்? முனைல நின்னு அழுதுட்டிருந்தாங்க. இன்னொரு பொண்ணும் ஆட்டோல காத்துட்டிருக்கு. ஏன் சம்பந்தி, ஞாயித்துக்கிழமை இந்த ஊர்ல யாரும் பிள்ளை பெறக் கூடாதுன்னு உத்தரவு போட்டிருக்கீங்களா? உங்க பொண்ணு ஒருத்திதான் பெறுறாளா?"

எனக்குச் சுருக்கென்றது. ரோடு ஏறினால் போதும், தார் விழுந்தால் போதும், என் பொண்ணு அலுங்காமல் போனால் போதும் என்றுதான் இத்தனை நாளும் ஓடியிருக்கிறேன். முனையில் இன்னொருத்தி நிற்பாள் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. வெட்கமாக இருந்தது, உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

"வாயைப் பொளந்துட்டு நிக்கிறீங்களே, பின்னாடி புடிங்க!" என்றார்.

பிடித்தேன். பாதி வழி வந்திருப்போம். மேல்மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. என் மனைவி பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"என்னங்க! பொண்ணு! பொண்ணு பொறந்திருக்கு! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க! எங்க போய்த் தொலைஞ்சீங்க ரெண்டு பேரும்?"

வண்டியில் இருந்தவள் வலிக்கு நடுவே கண்ணைத் திறந்தாள். "யாருக்குங்க?" என்று கேட்டாள்.

"எங்களுக்கும்மா" என்றார் சம்பந்தி.

எனக்குக் கண் மறைத்தது. துடைத்துக்கொள்ள ஒரு கையை எடுத்தேன்.

"கையை எடுக்காதீங்க சம்பந்தி, வண்டி நிக்குது" என்றார் அவர். "தள்ளுங்க, முனைல இன்னொருத்தி இருக்கா."